முதல் செமஸ்டர் செமினார்: மளிகைக் கடை நாள்காட்டியிலிருந்து தொடங்குவது

பெங்களூரில் பட்டப்படிப்பு சேர்ந்தவர்கள் பலருக்கு முதல் செமஸ்டரிலேயே ‘கலை, ஊடகம், பண்பாடு: ஓர் அறிமுகம்’ என்ற மாதிரி ஒரு தாள் வந்து சேரும். பி.காம். படிப்பவருக்கும் வரலாம், பி.எஸ்சி. படிப்பவருக்கும் வரலாம். பதினைந்து இருபது பேர், வட்டமாகப் போட்ட நாற்காலிகள். ஆசிரியரும் அதே வட்டத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். அவர் பாடம் நடத்துவார், குறிப்பெடுக்கலாம் என்று நோட்டைத் திறந்து வைத்துக் காத்திருந்தால் முதல் மூன்று வாரம் வீணாகும். நீங்கள் எதைப் பார்த்தீர்கள், எந்தப் பக்கத்தில் இடறினீர்கள் என்று கேட்கத்தான் அவர் உட்கார்ந்திருக்கிறார்.

ஓசூரிலிருந்தோ தர்மபுரியிலிருந்தோ வந்தவர்கள், அல்சூரிலோ ஸ்ரீராமபுரத்திலோ பிறந்து வளர்ந்தவர்கள், இரண்டு தரப்புக்கும் பொதுவான ஒரு பழக்கம் உண்டு. எதைப் பற்றிக் கேட்டாலும் முதலில் கருத்து சொல்லிவிடுவது. பள்ளிக்கூடக் கட்டுரைப் போட்டியும் பட்டிமன்றமும் நமக்குக் கொடுத்த பழக்கம் அது. இப்படி வட்டமாக உட்கார்ந்து பேசும் செமினார் வகுப்பில் வரிசை தலைகீழ். கண்ணுக்கும் காதுக்கும் பட்டதை முதலில் சொல்ல வேண்டும், கருத்து பிறகுதான். இந்த ஒன்று பிடிபட்டால் தாளில் பாதி முடிந்த மாதிரி.

பாடத்திட்டத் தாளில் பார்க்க வேண்டியவை

முதலில் கிரெடிட். மூன்று கிரெடிட் என்றால் வாரத்துக்கு மூன்று மணி வகுப்பு, 15 வாரத்தில் 45 மணி. தேசிய கிரெடிட் கணக்கில் ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேர உழைப்பு. மொத்தம் 90 போக, மீதி 45 மணி உங்கள் சொந்த நேரம். அதாவது வாரம் மூன்று மணி: வாசிக்க இரண்டு, எழுத ஒன்று. இதைக் கைபேசி காலண்டரில் கிழமையோடு போட்டு வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை இரவு மொத்தமாகச் செய்துவிடலாம் என்பது யாருக்கும் நடந்ததில்லை.

அடுத்தது மதிப்பெண் பிரிப்பு. ‘பங்கேற்பு’ என்று தனியாக மதிப்பெண் இருந்தால் அது அட்டெண்டன்ஸ் அல்ல, வாய் திறந்ததற்கான மதிப்பெண்.

பிரசன்டேஷன் தேதியை நீங்களே தேர்ந்தெடுக்கலாம் என்றால் நான்காவது வாரத்திலிருந்து ஆறாவது வாரத்துக்குள் ஒன்றைப் பிடியுங்கள். அதற்கு முன் ஆசிரியர் என்ன எதிர்பார்க்கிறார் என்று யாருக்கும் தெரியாது. பத்தாவது வாரத்துக்கு மேல் எல்லாத் தாள்களின் இன்டர்னலும் சேர்ந்து வந்து கழுத்தை நெரிக்கும்.

இருபது பக்க ரீடிங்கை எப்படி வாசிப்பது

வகுப்புக்கு முன் வாசித்து வர வேண்டிய கட்டுரைதான் ரீடிங். பி.டி.எஃப். ஆக வரும். ஆங்கிலத்தில் இருக்கும். முதல் பக்கத்திலேயே அகராதி தேவைப்படும் வார்த்தைகள் எட்டு இருக்கும். எட்டையும் தேடிப் பார்த்துவிட்டு இரண்டாம் பக்கம் போகிறவர் ஐந்தாம் பக்கத்தைத் தாண்ட மாட்டார். தேடுவதற்கு ஒரு வரம்பு வையுங்கள்: மூன்றாம் முறை கண்ணில் படும் வார்த்தையை மட்டும் தேடுவது.

ஜெராக்ஸ் எடுத்துப் பென்சிலோடு உட்காருங்கள். திரையில் வாசித்தால் ஓரத்தில் எழுத முடியாது, எழுதாமல் வாசித்தது வகுப்பில் நினைவுக்கு வராது. முதல் 15 நிமிடத்தில் தலைப்பு, எழுதிய ஆண்டு, முதல் இரண்டு பத்தி, கடைசி இரண்டு பத்தி மட்டும். ஆண்டு முக்கியம். 1973-இல் தொலைக்காட்சியைப் பற்றி எழுதியவர் ரீல்ஸை மனதில் வைத்து எழுதவில்லை. பிறகு முழுவதையும் நிறுத்தாமல் ஒரு முறை. ஓரத்தில் மூன்று குறி போதும்: புரியாத இடத்தில் கேள்விக்குறி, ஆசிரியர் தன் வாதத்தை வைக்கும் இடத்தில் கோடு, உங்கள் ஊரில் இதற்கு ஒத்த ஒன்று உண்டு என்று தோன்றும் இடத்தில் புள்ளி. ஒன்றரை மணி நேரம் ஆகும். கடைசி 15 நிமிடம் காகிதத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தமிழில் ஐந்து வரி எழுதுங்கள். எழுத வரவில்லையென்றால் மறுபடி முழுவதையும் வாசிக்க வேண்டாம், கோடு போட்ட இடங்களை மட்டும் வாசித்தால் போதும்.

ஏன் தமிழில்? வகுப்பில் ஆங்கிலத்தில்தானே பேச வேண்டும் என்று கேட்கலாம். ஆங்கிலத்தில் எழுதினால் ரீடிங்கில் உள்ள வாக்கியமே திரும்ப வரும், புரிந்த மாதிரி இருக்கும். தமிழில் எழுதும்போதுதான் புரியாதது பல்லை இளிக்கும். தமிழ் சில இடங்களில் ஆங்கிலத்தைவிடக் கூர்மையாகவும் வெட்டும். ‘ரெப்ரசென்டேஷன்’ என்ற வார்த்தை எல்லா ரீடிங்கிலும் வரும். தமிழில் சொல்லப் போனால் பிரதிநிதித்துவமா, சித்திரிப்பா என்று நின்று யோசித்தாக வேண்டும். ஒருவருக்காகப் பேசுவது வேறு, ஒருவரைப் படமாக்கிக் காட்டுவது வேறு. ஆங்கிலத்தில் ஒரே வார்த்தையில் ஒளிந்துகொண்டிருப்பதை இங்கே பிரித்தே ஆக வேண்டியிருக்கிறது. இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. சபாவில் கண்மூடித் தாளம் போடுபவரும் ரசிகர், கட்அவுட்டுக்குப் பாலூற்றுபவரும் ரசிகர். ஆங்கிலத்தில் இருவருக்கும் வெவ்வேறு பெயர், வெவ்வேறு மரியாதை. இந்த மாதிரி ஒன்றை வகுப்பில் எடுத்துப் போட்டுப் பாருங்கள், அரை மணி நேரம் பேச்சு ஓடும்.

‘பண்பாடு’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். கலித்தொகையில் ‘பண்பு எனப்படுவது பாடறிந்து ஒழுகுதல்’ என்ற வரி பலருக்கும் மனப்பாடம். அங்கே பேச்சு ஒருவருடைய நடத்தையைப் பற்றியது. சமூகம் முழுவதன் வாழ்முறை என்ற இன்றைய பொருள் அதற்கு மிகவும் பிந்தியது. ‘சங்க காலத்திலேயே நமக்குப் பண்பாடு இருந்தது’ என்று தொடங்கும் கட்டுரை இரண்டு பொருளையும் போட்டுக் குழப்பும். குழம்பியது எழுதியவருக்குக் கடைசி வரை தெரியாது.

பத்து நிமிடம் பார்ப்பது

முதல் மாதத்தில் எப்படியும் ஒரு பயிற்சி வரும்: ஒரு பொருளையோ படத்தையோ கொண்டுவந்து விவரியுங்கள். பெரும்பாலானவர்கள் தாஜ்மகால் அளவுக்குப் பெரிதாக ஒன்றைத் தேடிப் போவார்கள். வேண்டாம். சிவகாசியில் அச்சான தினசரி நாள்காட்டி ஒன்று போதும். அல்சூர் கடைத்தெருவில் ஒரு மளிகைக் கடையில் தொங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். பத்து நிமிடத்தில் எழுத வேண்டியது இப்படி இருக்கும்:

அட்டையின் மேல் விளிம்பில் தகரப்பட்டி, நடுவில் ஆணிக்கு வளையம். மேலே பெரிதாக நின்ற கோலத்தில் முருகன், பின்னால் தோகை விரித்த மயில். வேலும் கிரீடமும் மட்டும் தங்கநிறம், மற்றப் பகுதியைவிடச் சற்று மேடு, விரலால் தடவினால் தட்டுப்படுகிறது. முகம் நேரே நம்மைப் பார்க்கிறது. நிழல் எந்தப் பக்கமும் விழவில்லை. படத்துக்குக் கீழே கடையின் பெயர், முதல் வரி கன்னடத்தில், அடுத்த வரி ஆங்கிலத்தில் இன்னும் பெரிய எழுத்தில். தமிழில் இல்லை. அதற்கும் கீழே ஒட்டியிருக்கும் தேதித்தாளில் எல்லாம் தமிழ்: மார்கழி, திதி, நட்சத்திரம், திங்கட்கிழமை ராகு காலம் 7.30–9.00, எமகண்டம் 10.30–12.00.

இதில் ‘அழகான’, ‘பாரம்பரியமான’, ‘தெய்வீகமான’ என்று ஒரு சொல்லும் இல்லை. அப்படி எழுதுவது கடினம், கை தானாக அங்கே போகும். போனால் அடித்துவிட்டு, எதைப் பார்த்ததால் தெய்வீகம் என்று தோன்றியது என்று எழுதுங்கள். நேரே பார்க்கும் கண்ணா, நிழல் இல்லாத வெளிச்சமா, தொட்டால் தட்டுப்படும் தங்கமா?

கேள்வி இதிலிருந்து தானாகக் கிளம்பும். பெயர் ஏன் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும், ராகு காலம் ஏன் தமிழில்? கடைப்பெயர் தெருவைப் பார்த்துப் பேசுகிறது, தேதித்தாள் வீட்டைப் பார்த்துப் பேசுகிறது என்று ஒருவர் சொல்லலாம். அட்டையில் கடைப்பெயரைத் தனியாக அச்சடிக்கிறார்கள், தேதிக்கட்டு பொதுவாக வருகிறது, விஷயம் அவ்வளவுதான் என்று இன்னொருவர் மறுக்கலாம். இரண்டையும் சோதிக்க வழி இருக்கிறது, அதனால் இரண்டுமே நல்ல பதில்கள். ‘இது நம் பண்பாட்டின் சின்னம்’ என்பதைச் சோதிக்க வழியே இல்லை, ஆகவே அதை வைத்து எதுவும் செய்ய முடியாது.

வரலாறு மூன்றாவது படி. பார்த்ததில் எதை விளக்க அது தேவையோ அந்த அளவுக்கு மட்டும். 1894-இல் ஓவியர் ரவிவர்மா பம்பாயில் கல்லச்சுக் கூடம் தொடங்கியதும் கோயிலுக்குள் போக முடியாதவர் வீட்டுச் சுவரிலும் சாமி படம் ஏற முடிந்தது. கோவில்பட்டியில் சி. கொண்டையராஜுவும் அவருடைய மாணவர்களும் வரைந்த சாமி படங்கள் காலண்டர் வழியாகத் தென்னாடு முழுக்கப் போயின. அந்த நேர்ப்பார்வைக்கும் நிழலற்ற முகத்துக்கும் இங்கே ஒரு தடம் கிடைக்கும். முழு வாழ்க்கை வரலாற்றையும் எழுதினால் நாள்காட்டி காணாமல் போய்விடும்.

கடைக்காரரிடம் பேசுவதும் வேலையில் சேர்த்திதான். காலையிலும் மாலை ஆறு மணிக்கு மேலும் வியாபார நேரம், பிற்பகல் மூன்று மணிக்குப் போங்கள். ஏதாவது வாங்கிக்கொண்டு, ‘அண்ணாச்சி, காலேஜ் வேலைக்காகக் கேக்கறேன், இந்தப் படத்தை எப்படி எடுத்தீங்க?’ என்று தொடங்குங்கள். ‘ஏன் முருகன்?’ என்று கேட்டால் பக்தியைப் பற்றிய பதில் வரும். ‘எப்படி எடுத்தீங்க?’ என்று கேட்டால்தான் ஏஜென்ட் ஆல்பம் கொண்டுவந்தது, எத்தனை படம் புரட்டியது, எத்தனை பிரதி, என்ன விலை எல்லாம் வெளியே வரும். சிவகாசியில் அடுத்த ஆண்டுக்கான ஆல்பம் ஆடிப்பெருக்கன்று வெளியாகும், அதன் பிறகுதான் ஆர்டர் பிடிப்பார்கள். ஆகஸ்டில் வகுப்பு தொடங்கும் உங்களுக்கு இது வசதி. பதிவு செய்வதாக இருந்தால் முதலிலேயே அனுமதி கேளுங்கள், கட்டுரையில் அவர் பெயரையும் கடைப் பெயரையும் போட வேண்டாம்.

ஒரு நிமிட சினிமா

படத்தைப் பற்றிப் பேசச் சொன்னால் கதை சொல்வதுதான் எல்லோரும் முதலில் செய்யும் தப்பு. மருந்து, ஷாட் பட்டியல். ஒரு வெட்டிலிருந்து அடுத்த வெட்டு வரை ஓடும் துண்டுதான் ஷாட். நோட்டில் ஐந்து கட்டம்: நேரம், சட்டகத்துக்குள் என்ன, கேமரா எங்கே, என்ன கேட்கிறது, எப்படி வெட்டுகிறது. பழகுவதற்கு லூமியேர் சகோதரர்களின் ரயில் வருகைக் காட்சி நல்லது. ஏறக்குறைய 50 விநாடி, ஒரே ஷாட், அசையாத கேமரா, ஒலி இல்லை. வெட்டே இல்லாததால் ஐந்தாம் கட்டம் காலியாக இருக்கும். மாணவர்கள் ‘ஒன்றுமே நடக்கவில்லை’ என்பார்கள். மறுபடி பாருங்கள். ரயில் தூரத்தில் புள்ளியாக இருந்து மூலைவிட்டமாக வந்து இடது ஓரத்தை நிறைக்கிறது. தொலைவு, நடு, அண்மை என்று பின்னாளில் மூன்று ஷாட்டில் எடுப்பது எல்லாம் அந்த ஒரே சட்டகத்துக்குள் நடந்து முடிகிறது. பெட்டியிலிருந்து இறங்குபவர்களில் கேமராவைப் பார்ப்பவர் யார், பார்க்காமல் போகிறவர் யார் என்று எண்ணிப் பாருங்கள். 1896 ஜூலை 7 அன்று பம்பாய் வாட்சன் ஹோட்டலில் திரையிட்ட லூமியேர் படங்களிலும் ஒரு ரயில் வருகை இருந்தது. ரயில் மேலே ஏறிவிடும் என்று பயந்து பாரிஸ் மக்கள் ஓடினார்கள் என்ற கதையைப் பிரசன்டேஷனில் போட ஆசை வரும். அதற்கு அந்தக் காலத்துச் சான்று வலுவாக இல்லை என்று ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். அந்தக் கதை ஏன் நூறு ஆண்டாகச் சொல்லப்படுகிறது என்று வேண்டுமானால் கேளுங்கள்.

பிறகு நீங்கள் விரும்பும் தமிழ்ப் படத்தில் இரண்டு நிமிடம். பாட்டுக் காட்சியைத் தொடாதீர்கள். வெட்டுகள் அத்தனை இருக்கும், பட்டியல் போட்டே விடிந்துவிடும். இருவர் பேசும் காட்சி போதும். நான்கு முறை பாருங்கள்: நிறுத்தாமல் ஒரு முறை, ஒலியை அணைத்துவிட்டு ஒரு முறை, திரைக்கு முதுகைக் காட்டி ஒலி மட்டும் ஒரு முறை, கடைசியாக நிறுத்தி நிறுத்தி எழுதிக்கொண்டு. ஒன்றரை மணி நேரம் போகும். மூன்றாம் முறையைத் தவிர்க்கப் பார்ப்பீர்கள், தவிர்க்காதீர்கள். பின்னணி இசை எந்த வார்த்தையில் தொடங்குகிறது என்பது முதுகைக் காட்டினால்தான் தெரியும்.

இங்கே தவறிப்போவது பெரும்பாலும் தொழில்நுட்பம். ஓ.டி.டி.யில் ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் கறுப்பாக வரும். நகல் தடுப்புப் பூட்டு அப்படிச் செய்கிறது, உங்கள் கைபேசியில் கோளாறு இல்லை. சட்டகத்தைக் கையால் கட்டம் போட்டு வரைந்துகொள்ளுங்கள். வரையத் தெரியாவிட்டாலும் ஆள் எங்கே நிற்கிறார் என்பதற்கு ஒரு வட்டம் போதும். வரைந்தவருக்குத்தான் சட்டகத்தில் பாதி காலியாக இருந்தது கண்ணில் படும். ஒலித்தடம் இந்தி டப்பிங்கில் நிற்கிறதா என்று பாருங்கள். தியேட்டர் பிரதியும் ஓ.டி.டி. பிரதியும் நீளத்தில் வேறுபடலாம், எந்தப் பிரதியைப் பார்த்தீர்கள் என்று குறித்து வையுங்கள்.

வெளியே போகும்போது

பெங்களூரில் களத்துக்குக் குறைவில்லை. அரண்மனைச் சாலையில் மாணிக்கவேலு மாளிகையில் 2009 முதல் தேசிய நவீன ஓவியக்கூடம் இருக்கிறது, கஸ்தூர்பா சாலையில் 2023-இல் திறந்த கலை–புகைப்பட அருங்காட்சியகம். இரண்டுக்கும் திங்கட்கிழமை விடுமுறை. வகுப்பில்லாத திங்களில் போகலாம் என்று திட்டம் போட்டு வாசலில் நிற்கும் குழு ஆண்டுதோறும் ஒன்று இருக்கும். ஜே.பி. நகர் ரங்க சங்கரா நாடக அரங்கில் நாடகம் தொடங்கிய பிறகு உள்ளே விடமாட்டார்கள். நகரப் போக்குவரத்தை நம்பாமல் முக்கால் மணி முன்னதாகப் போங்கள்.

ஓவியக்கூடத்தில் எல்லா அறையையும் சுற்றுவது வீண். முதல் 20 நிமிடம் சுற்றிவிட்டு ஒரு படத்தைத் தேர்ந்து அதன் முன் 30 நிமிடம் நில்லுங்கள். படத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் விளக்கச் சீட்டை முதல் 10 நிமிடம் வாசிக்காதீர்கள். வாசித்துவிட்டால் அதில் சொன்னதுதான் கண்ணுக்குத் தெரியும்.

தமிழ் மாணவர்கள் பலர் தேர்ந்தெடுக்கும் இடம் அல்சூர் ஏரிக்கரைத் திருவள்ளுவர் சிலை. நல்ல தேர்வு, ஆனால் வழுக்கும். 1991-இல் திறக்க வேண்டிய சிலை, கன்னட அமைப்புகளின் எதிர்ப்பு எழுந்து, 18 ஆண்டு மூடியே கிடந்தது. 2009 ஆகஸ்ட் 9 அன்று திறந்தார்கள். நான்கு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலை திறந்தார்கள். இந்த இரண்டு தேதியையும் சேர்த்துப் பார்க்காத கட்டுரை பாதிக் கட்டுரை. வழுக்கும் இடம், ‘நாம்’ ‘அவர்கள்’ என்று எழுதத் தொடங்குவது. வட்டத்தில் பக்கத்து நாற்காலியில் கன்னடம் பேசும் தோழி உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு 1991 என்றால் வீட்டில் கேட்ட வேறு கதை நினைவுக்கு வரும். ‘தமிழ் அமைப்புகள்’, ‘கன்னட அமைப்புகள்’, ‘மாநில அரசு’ என்று யார் எதைச் செய்தார்களோ அவர்கள் பெயரிலேயே எழுதுங்கள். இது மரியாதைக்காக மட்டும் சொல்வதல்ல. ‘நாம்’ என்று போட்டதும் யார் செய்தது என்ற கேள்வி மறைந்துவிடுகிறது.

அங்கேயும் முதலில் பார்ப்பதுதான். பீடத்தில் என்னென்ன எழுத்துகள், எது மேலே, சிலை எந்தத் திசையை நோக்குகிறது, வேலி எங்கே, மாலை காய்ந்ததா புதியதா, நிழலில் உட்கார்ந்திருப்பவர்கள் சிலையைப் பார்க்கிறார்களா ஏரியைப் பார்க்கிறார்களா? வள்ளுவர் உருவத்தையே கேள்வி கேட்கலாம். நாம் ‘வள்ளுவர் இப்படித்தான் இருப்பார்’ என்று நினைக்கும் முகம் கே.ஆர். வேணுகோபால் சர்மா வரைந்தது. தமிழகச் சட்டமன்றத்தில் அந்தப் படம் 1964-இல் திறந்துவைக்கப்பட்டது. நாள்காட்டி முருகனின் முகம் எங்கிருந்து வந்தது என்று தடம் தேடியது போலத்தான் இங்கேயும்.

இரண்டாம் செமஸ்டரில் தாள் தொடர்ந்தால் பெங்களூர் கரகத் திருவிழா கிடைக்கும். கன்னட நாள்காட்டியின் சைத்ர மாத முழுநிலவு இரவு, திகளர்பேட்டை தர்மராயசுவாமி கோயிலிலிருந்து கிளம்பி, காட்டன்பேட்டை தவக்கல் மஸ்தான் தர்காவுக்குப் போய் வரும். திருவண்ணாமலை, தர்மபுரிப் பக்கத்து மாணவர்களுக்குத் திரௌபதி அம்மன் திருவிழாவும் கூத்தும் தெரியும், உடனே ‘எங்க ஊர்லயும் உண்டு’ என்று கை தூக்குவார்கள். தூக்கட்டும். ‘எங்கிருந்து வந்தது’ என்று நிற்காமல், தர்காவுக்குப் போகும் திருப்பம் போல இங்கே மட்டும் இருப்பது எது என்று பட்டியல் போட்டால் வேலை நகரும். நள்ளிரவுக் கூட்டம், நெரிசல் உண்டு. மூன்று பேருக்குக் குறையாமல் போங்கள், கரகம் சுமப்பவரின் வழியில் கைபேசியை நீட்டாதீர்கள்.

வட்டத்தில் வாய் திறப்பது

ஆங்கிலம் தடுக்கிறது என்றால் ஒரே வழி: முதல் 15 நிமிடத்துக்குள் பேசிவிடுவது. நேரம் போகப் போக மற்றவர்கள் சொன்னது குவியும், நீங்கள் வாய் திறப்பது இன்னும் கடினமாகும். வீட்டிலேயே ஒரு வாக்கியம் எழுதிக்கொண்டு வாருங்கள்: ‘ஏழாம் பக்கம், இரண்டாம் பத்தி, இந்த வரி எனக்குப் புரியவில்லை, ஏனென்றால்…’ பக்க எண்ணோடு வரும் சந்தேகத்துக்கு யாரும் சிரிப்பதில்லை. பாதிப் பேருக்கும் அங்கேதான் புரியவில்லை.

பண்பாட்டு ஆய்வாளர் ஸ்டூவர்ட் ஹால் 1973-இல் முன்வைத்த மூன்று வாசிப்பு நிலைகள் பெரும்பாலும் ஐந்தாவது வாரத்துக்குள் வரும்: அனுப்பியவர் நினைத்தபடியே ஏற்பது, பாதி ஏற்றுப் பாதி பேரம் பேசுவது, எதிர்த்து வாசிப்பது. உடனே ‘படித்தவர்கள் எதிர்ப்பார்கள், கிராமத்து மக்கள் ஏற்பார்கள்’ என்று ஆட்களைப் பிரித்துவிடுகிறோம். அவை ஆட்களின் வகை அல்ல, வாசிப்பின் வகை. நகைக்கடை விளம்பரத்தில் அம்மா கண்கலங்கும் இடத்தில் கூடவே கலங்கிவிட்டு, செய்கூலியைப் பற்றி மட்டும் முணுமுணுக்கும் உங்கள் வீட்டு அத்தை பேரம் பேசும் வாசகர்.

பன்னிரண்டு நிமிடம்

பிரசன்டேஷனுக்குப் பன்னிரண்டு நிமிடம் கொடுத்தால், நிமிடத்துக்கு 110 வார்த்தை என்று கணக்கு வைத்து, 1,100 வார்த்தைக்குள் எழுதுங்கள். மீதி இரண்டு நிமிடம் படத்தைக் காட்டவும் தண்ணீர் குடிக்கவும். ஆறு ஸ்லைடு போதும். முதல் ஸ்லைடில் எழுத்தே வேண்டாம், நாள்காட்டியின் படம் மட்டும் போட்டு அரை நிமிடம் சும்மா நில்லுங்கள். வகுப்பு பார்க்கட்டும். அந்த அரை நிமிடம் உங்களுக்கு யுகமாகத் தோன்றும், அவர்களுக்குத் தோன்றாது.

தமிழ் எழுத்து கல்லூரிக் கணினியில் கட்டம் கட்டமாகவோ கிறுக்கலாகவோ வந்தால் காரணம் பெரும்பாலும் பாமினி போன்ற பழைய எழுத்துரு. யூனிகோடில் தட்டெழுதி, பி.டி.எஃப். ஆக மாற்றிக் கொண்டுபோங்கள். வீடியோவை ஸ்லைடுக்குள் புதைக்காமல் பென் டிரைவில் தனி எம்.பி.4 கோப்பாக வையுங்கள், வகுப்பறை இணையத்தை நம்ப வேண்டாம். ஒலி புரொஜெக்டரில் வராமல் மடிக்கணினியிலேயே வருவது சாதாரணம். பத்து நிமிடம் முன்னதாகப் போய் ஒலி வெளியீட்டை மாற்றிப் பாருங்கள். முடிக்கும்போது ‘ஏதாவது கேள்வி?’ என்றால் மௌனம்தான் விழும். ‘உங்கள் வீட்டு நாள்காட்டியில் எந்த மொழி மேலே இருக்கிறது?’ என்று கேட்டால் இருபது பேரும் பேசுவார்கள்.

கட்டுரை

1,200 வார்த்தை என்றால் விவரிப்புக்கு 350, கேள்விக்கு 100, ரீடிங்கிலிருந்து ஒரு கருத்தை எடுத்துப் பொருத்திப் பார்க்க 400, பொருந்தாத இடத்துக்கு 250, மீதி முடிக்க. பொருந்தாத இடத்தை மறைக்கத்தான் மனம் வரும். மதிப்பெண் அங்கேதான் இருக்கிறது. ‘ஆதிகாலம் தொட்டு மனிதன்’ என்று தொடங்கிய முதல் பத்தியை அப்படியே வெட்டிவிட்டு, இரண்டாம் பத்தியில் தொடங்கிப் பாருங்கள். பெரும்பாலும் ஒன்றும் குறையாது. தமிழ்க் கட்டுரை ஒன்றை மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டு ஆங்கிலமாக்கி ஒட்டினாலும் அது காப்பிதான். மொழி மாறியதால் உங்களுடையது ஆகிவிடாது.

மேற்கோள் பட்டியலில் தமிழ்ப் பெயர்கள் படுத்தும். முன்னெழுத்து அப்பா பெயரோ ஊரோதான், குடும்பப் பெயர் அல்ல. கொண்டையராஜுவை ‘க’ வரிசையில்தான் தேட வேண்டும். மேற்கோள் பட்டியல் தயாரிக்கும் ஸோட்டெரோ போன்ற மென்பொருளில் பெயரை இரண்டு கட்டத்தில் போட்டால் அது முன்னெழுத்தைப் பிய்த்து வேறெங்கோ வைக்கும், ஒரே கட்டமாக மாற்றும் வசதி பக்கத்திலேயே இருக்கிறது. இணையப் பக்கமானால் பார்த்த தேதியைப் போட்டு, இணைய ஆவணக் காப்பகத்தில் ஒரு பிரதி சேமித்துவிடுங்கள்.

நாள்காட்டியைப் புகைப்படம் எடுக்கும்போது தேதித்தாளும் சட்டகத்துக்குள் வரட்டும். மறுநாள் காலை அது கிழிந்துவிடும். வைவா என்ற வாய்மொழித் தேர்வு ஜனவரிக்குத் தள்ளிப் போனால் சுவரில் வேறு சாமி ஏறியிருப்பார். ஆண்டு முடிவதற்குள் அண்ணாச்சியிடம் சொல்லி வையுங்கள், பழைய அட்டையை எடுத்து வைத்திருப்பார்.